உயிர்ப்புத் திருநாளும் வீட்டுத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் வந்தாலே காவிரி டெல்டாவின் கிறிஸ்தவக் கோவில்களிலும் ஆலயங்களிலும் இரண்டு வகைக் கேள்விகள் சேர்ந்து வரும். சடங்கில் தண்ணீர் எதற்கு என்பது ஒன்று. ஆறு வறண்டு கிடக்கிறதே, வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

ஈஸ்டர் அன்று எதைக் கொண்டாடுகிறோம்? தண்ணீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

சிலுவையில் இறந்து அடக்கம் செய்யப்பட்ட இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதுதான் ஈஸ்டர். கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள், சீர்திருத்த சபையார் உயிர்த்தெழுந்த பண்டிகை என்பார்கள். ஊரில் கிறிஸ்துமஸுக்குத்தான் நட்சத்திரமும் கேக்கும் அதிகம் என்றாலும், நம்பிக்கையின் மையம் இந்த நாள்தான்.

பெரிய வாரத்தின் வாசகங்களை வரிசையாகக் கேட்டால் தண்ணீர் திரும்பத் திரும்ப வரும். வியாழன் இரவு இயேசு சீடர்களின் பாதம் கழுவுகிறார் (யோவான் 13). மறுநாள் பிலாத்து கூட்டத்தின் முன் தண்ணீர் எடுத்துத் தன் கையைக் கழுவுகிறான் (மத்தேயு 27). சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, ‘தாகமாயிருக்கிறேன்’. ஈட்டியால் குத்திய விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வடிகின்றன (யோவான் 19). சனி இரவு தண்ணீர் மந்திரிக்கப்பட்டு, அந்தத் தண்ணீரில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) நடக்கிறது. பிலாத்து பழியைத் தட்டிக்கழிக்கக் கை கழுவுகிறான், இயேசுவோ பிறர் காலைத் தூக்கிக் கழுவுகிறார். தண்ணீர் ஒன்றுதான். ‘கை கழுவுவது’ என்ற நம் வழக்கு இந்த இடத்தில் அப்படியே பொருந்தும்.

தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

மார்ச் 21-ஆம் தேதி அல்லது அதற்குப் பின் வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கும் விழலாம். 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் நோன்புக்காலமான தவக்காலத்துக்குள்தான் வரும். ஈஸ்டரே மார்ச் 22-இல் வந்தது கடைசியாக 1818-இல், இனி 2285-இல்தான்.

டெல்டாவில் தண்ணீர்ப் பஞ்சமா? காவிரிக் கரையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா?

கேட்கத்தான் வேண்டும். மேட்டூர் அணை பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளியும் போகும். அணை மூடிய சில வாரங்களில் குடமுருட்டியும் அரசலாறும் வெட்டாறும் மணல்திட்டாகிவிடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பெரும்பாலும் பிப்ரவரியில் வருகிறது. ஆக, தவக்காலத்தின் 40 நாளும் ஆறு காய்ந்த நாட்கள்தான். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது ஊறிக்கொண்டிருந்த நிலத்தடி நீர் இப்போது கீழே இறங்கும். அதே நேரத்தில் கோடை நெல்லுக்குப் போர்வெல் இரவும் பகலும் ஓடும். கைப்பம்பு காற்றை இழுக்கத் தொடங்குவது பங்குனி, சித்திரையில்தான்.

கடலோரத்தில் சிக்கல் வேறு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் தண்ணீர் வற்றுவதைவிட உப்பாவதுதான் கவலை. அங்கே மணலுக்குள் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் இருக்கும் நன்னீர் ஒரு அடி குறைந்தால் கீழே உப்புநீர் சுமார் 40 அடி மேலேறும். அதனால்தான் ‘தண்ணீர் போதவில்லை, இன்னும் ஆழமாகப் போடு’ என்று போர் இறக்கியவர்கள் உப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ஆழம் குறைந்த கிணற்றில், கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் விட்டு இறைப்பதே சரி.

பெரிய வியாழன் பாதம் கழுவுவதன் பொருள் என்ன?

புழுதியில் செருப்போடு நடந்து வந்தவரின் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் வீட்டின் கடைசி வேலைக்காரன் வேலை. குரு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறார். பேதுரு, ‘என் காலை நீர் கழுவவே விடமாட்டேன்’ என்கிறார். பிறகு ஒரேயடியாக மாறி, கால் மட்டுமா, கையும் தலையும் கூடக் கழுவும் என்கிறார். குளித்தவனுக்குக் கால் மட்டும் கழுவினால் போதும் என்பது இயேசுவின் பதில். சிக்கனத்துக்காகச் சொன்ன வார்த்தை அல்ல அது. ஆனாலும் தேவைக்கு மிஞ்சிக் கொட்டுவதில் பக்தி கூடிவிடாது என்பதற்கு அதை எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

இன்று கத்தோலிக்கக் கோவில்களில் மாலைத் திருப்பலியில் 12 பேருக்குப் பாதம் கழுவுவது வழக்கம். ஆண்கள் மட்டும் என்ற விதி 2016 ஜனவரியில் மாற்றப்பட்டது. பெண்கள், இளையோர், முதியோர் என்று யாரையும் சேர்க்கலாம்.

சடங்குக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? எதில் ஊற்றுவது?

ஒருவருக்கு வலது கால் மட்டும் கழுவினால் 300 முதல் 400 மி.லி. போதும். 12 பேருக்கு 5 லிட்டருக்குள் முடியும். இரு காலும் என்றால் 10 லிட்டர். கெண்டியில் ஊற்றினால் தண்ணீர் கட்டுக்குள் இருக்கும். சொம்பில் ஊற்றினால் பாதி வெளியே போகும், மார்பிள் தரை வழுக்கும், முழங்காலில் நகரும் சாமியாரின் அங்கி நனையும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். கீழே பிடிக்கும் பாத்திரம் தட்டையான தாம்பாளமாக இருந்தால் மூன்றாவது ஆளிலேயே நிரம்பித் தளும்பும். 10 லிட்டர் கொள்ளும் ஆழமான பேசின் வேண்டும், அல்லது நடுவில் ஒருமுறை மாற்ற ஒரு வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். துண்டு ஆளுக்கு ஒன்று. மொட்டைமாடி டேங்கில் நின்ற தண்ணீர் சாயங்காலம் கூடச் சுடும். வயதானவர்கள் இருந்தால் காலையிலேயே பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள்.

கழுவவிருக்கும் காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். அதை யாராலும் தடுக்க முடியாது.

கழுவிய தண்ணீரை என்ன செய்வது?

அது மந்திரிக்கப்பட்ட தண்ணீர் அல்ல. சோப்பும் சேரவில்லை. கோவில் வளாகத்துத் தென்னைக்கோ பூச்செடிக்கோ ஊற்றலாம்.

தீர்த்தம் வேறு. மந்திரித்த தண்ணீரையும் திருமுழுக்குத் தொட்டித் தண்ணீரையும் சாக்கடையில் விடுவதில்லை. மண்ணில், மிதிபடாத இடத்தில் ஊற்றுவது முறை. செடியின் அடி என்றால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். உப்புச் சேர்த்து மந்திரித்த தண்ணீர் என்றால் ஒரே தொட்டிச் செடிக்கு மொத்தத்தையும் ஊற்றாதீர்கள், கருகிவிடும்.

சனி இரவு தண்ணீர் மந்திரிப்பதில் என்ன நடக்கிறது?

சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகு தொடங்கி விடியுமுன் முடிய வேண்டும். புது நெருப்பு, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தி, பிறகு வாசகங்கள். முழுமையாக வாசித்தால் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு. படைப்பின் தொடக்கத்தில் தண்ணீரின் மேல் அசைவாடும் ஆவி, செங்கடல் பிளந்து வழி விடுவது, ‘ஓ, தாகமாயிருக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் தண்ணீர்களண்டைக்கு வாருங்கள்’ என்ற ஏசாயா 55, சுத்தமான தண்ணீரைத் தெளிப்பேன் என்ற எசேக்கியேல் 36 எல்லாம் அதில் வரும். நேரம் போதவில்லை என்று சுருக்கினாலும் செங்கடல் வாசகத்தை விடக்கூடாது என்பது விதி.

பிறகு தண்ணீர் மந்திரிக்கும்போது பாஸ்கா திரியைத் தண்ணீரில் ஒருமுறையோ மூன்றுமுறையோ இறக்குவார்கள். கல்லறைக்குள் இறங்கி எழுவதன் அடையாளம் அது. திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பித்த மக்கள்மேல் அந்தத் தண்ணீர் தெளிக்கப்படும். வியாழன் திருப்பலிக்குப் பிறகு வாசலிலுள்ள தீர்த்தத் தொட்டியைக் காலி செய்து வைப்பதும் இதற்காகத்தான். இரண்டு நாள் காய்ந்து கிடந்த தொட்டியில் சனி இரவு புதுத் தண்ணீர் வரும். தவக்காலம் தொடங்கும்போதே சில இடங்களில் காலி செய்துவிடுகிறார்கள், மணலைக்கூட நிரப்புகிறார்கள். அது முறையில்லை.

லுத்தரன் சபையில் தீர்த்தம் கிடையாதே. அவர்களுக்குத் தண்ணீரின் பொருள் வேறா?

தீர்த்தம் எடுத்து வீட்டில் வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் ஞானஸ்நானம் உண்டு. அது வெறும் தண்ணீர் அல்ல, தேவ வார்த்தையோடு சேர்ந்த தண்ணீர் என்பது லுத்தரின் ஞானோபதேசம். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதிலிருந்து இந்தக் கடற்கரையில் அந்தப் போதனை இருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறு விடியற்கால ஆராதனைதான் அங்கே முக்கியம்.

தீர்த்தம் வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்? எப்படி வைப்பது?

200 மி.லி. பாட்டில் ஒன்று ஓர் ஆண்டுக்குப் போதும். ஐந்து லிட்டர் கேனோடு வரிசையில் நிற்பதில் பொருளில்லை. கேன் கொண்டுவந்தவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கிடைக்காமல் போவதுதான் ஆண்டுதோறும் நடக்கிறது. கண்ணாடிப் பாட்டிலை வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பச்சை படிந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது என்று அர்த்தம், செடிக்கு ஊற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வைத்ததைக் குடிக்க வேண்டாம், குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். சுவரில் மாட்டும் சின்னக் கிண்ணத்தில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். டெங்குக் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீரே தாராளம்.

ஒருசந்தி நாளில் தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம், குடிக்க வேண்டும். கத்தோலிக்க விதிப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு) 18 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு, சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது முதல். தண்ணீர் குடித்தால் இரண்டும் முறியாது. நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பையும் தண்ணீர் முறிக்காது. பெரிய வெள்ளி மதியம் 3 மணி வெயிலில் சிலுவைப்பாதை நடப்பவர்கள் தண்ணீர்கூடக் குடியாமல் மயங்கி விழுவது பக்தியில் சேராது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

தண்ணீரை மிச்சம் பிடிப்பது தவமுயற்சி ஆகுமா?

செபம், நோன்பு, தருமம் மூன்றும் சேர்ந்ததுதான் தவக்காலம். மிச்சம் பிடித்தது யாருக்காவது போய்ச் சேர்ந்தால்தான் அது நோன்பு, இல்லாவிட்டால் வெறும் சிக்கனம். தெருக்குழாய் வரிசையில் உங்கள் குடத்துக்குப் பின்னால் இன்னொரு குடம் நிற்கிறது. மேட்டுத் தெருவில் கடைசி வீட்டுக்கு அழுத்தம் வராமல் குழாய் இருமுகிறது. உங்கள் மோட்டார் நின்றால் அங்கே வரும். கூட்டுக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதை விட்டாலே போதும். அது சட்டப்படியும் தப்பு, குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடைத் தண்ணீரையும் உள்ளே இழுத்துவிடும்.

சரி, வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

அளப்பதிலிருந்து. இரவு எல்லாரும் படுத்த பிறகு மேல்நிலை டேங்கில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறியுங்கள். விடியற்காலை யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி பாருங்கள். உள்விட்டம் 110 செ.மீ. உள்ள வட்ட டேங்க் என்றால் ஒரு செ.மீ. இறக்கம் சுமார் 9.5 லிட்டர். மூன்று செ.மீ. இறங்கியிருந்தால் ஏழு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு குடம், யாரும் தொடாமலே போயிருக்கிறது. இரவில் யாராவது கழிவறை போயிருந்தால் அந்தக் கணக்கைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் இறக்கம் மிஞ்சினால் அடுத்த இரண்டு கேள்விகளைப் படியுங்கள். பத்துக்கு ஒன்பது வீட்டில் குற்றவாளி ஃப்ளஷ் டேங்க்தான் என்பது எங்கள் கருத்து.

ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று எப்படித் தெரியும்?

டேங்கின் மூடியைத் திறந்து சொட்டு நீலம் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பீங்கானுக்குள் நீலம் இறங்கியிருந்தால் அடி வாஷர் பிடிக்கவில்லை. நம் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்கும் ஊர்களில் வாஷரும் அது உட்காரும் விளிம்பும் வெள்ளையாகப் பொரிந்துபோகும். டேங்குக்கு வரும் ஆங்கிள் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து காலி செய்து, வாஷரைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். விளிம்பையும் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம், கீறினால் அப்புறம் எந்த வாஷரும் பிடிக்காது. ரப்பர் விறைத்து விரிந்திருந்தால் அதையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்குங்கள். கண்ணளவில் சொல்லி வாங்கினால் பொருந்தாது.

நீலம் மேலே நடுக்குழாய் வழியாக வழிகிறது என்றால் கோளாறு மிதவையில். மிதவையை இரண்டு செ.மீ. இறக்கி வையுங்கள்.

பழைய டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் இறக்கும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் நாளைக்கு 200 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளுக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர், நாலு பேருக்கு 220. ஃப்ளஷ் ஒன்றே ஏறக்குறைய மொத்தத்தையும் விழுங்கிவிடும். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, மிதவையில் இடிக்காதபடி டேங்குக்குள் நிறுத்தினால் நாளைக்கு 30 லிட்டர் மிஞ்சும். செங்கல் வைக்காதீர்கள். கரைந்து துகள் வாஷரில் போய் உட்காரும், ஒழுகல் அதனாலேயே வரும். பாட்டில் வைத்தபின் ஒரு தடவையில் போகாமல் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், நஷ்டம்தான்.

குழாய் சொட்டுகிறது. பிளம்பர் இல்லாமல் சரி செய்யலாமா?

முதலில் 200 மி.லி. டம்ளரை அடியில் வைத்துக் கடிகாரம் பாருங்கள். 20 நிமிடத்தில் நிரம்பினால் நாளைக்கு 14 லிட்டருக்கு மேல், மாதத்துக்கு 430 லிட்டர்.

பல சுற்றுச் சுற்றித் திறக்கும் பித்தளைக் குழாய் என்றால் அரை அங்குல வாஷர் மாற்றினால் போதும். கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை ஒரு வாளியில் விடுங்கள். கைப்பிடிக்குக் கீழுள்ள அறுகோண நட்டைத் துணி சுற்றி ஸ்பேனரால் கழற்றினால் மேல்பாகம் முழுதாக வரும். அதன் நுனியில் கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். சொட்டுவதை நிறுத்த ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் இறுக்கினீர்களே, அந்த இறுக்கம் வெட்டிய பள்ளம் அது. புது வாஷர் போடுமுன் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். மணல் இருந்தால் துடைக்க வேண்டும், விளிம்பு பல்லுப்பல்லாக அரித்திருந்தால் வாஷர் மாற்றியும் பயனில்லை, குழாயையே மாற்றுங்கள்.

கால் சுற்றில் திறக்கும் குழாயில் ரப்பர் வாஷர் கிடையாது, பீங்கான் வட்டு இருக்கும். அதற்கு ஸ்பிண்டில் முழுதாக மாற்ற வேண்டும். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் டெஃப்லான் டேப், மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து வலஞ்சுழியாக எட்டிலிருந்து பத்துச் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது உரிந்து வந்துவிடும்.

மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோகிறோம். என்ன வழி?

டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் என்று ஒருமுறை பாருங்கள். 1000 லிட்டர் 40 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 25 லிட்டர். சீரியலில் பத்து நிமிடம் மறந்தால் 250 லிட்டர் மாடியிலிருந்து அருவியாகக் கொட்டும். அலாரம் அடிக்கும் சென்சார் மலிவு, ஆனால் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வீண். மட்டம் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் நல்லது. டேங்க் வாயில் மாட்டும் பந்து வால்வை மோட்டார் வரும் குழாயில் போடாதீர்கள். அது மூடிக்கொண்டதும் மோட்டார் முட்டிக்கொண்டு சூடாகும், குழாய் இணைப்பு பிரியும்.

ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீரை என்ன செய்யலாம்?

முதலில், உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்று பாருங்கள். குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு மூலம் இல்லாதபோது 2000 வரை விடலாம். கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை அக்கம்பக்கம் சேர்ந்து வாங்கி அளக்கலாம். திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஆற்றோர நன்னீர் 500-க்குள் இருந்தால் கொதிக்கவைத்து வடிகட்டினாலே போதும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடும்.

வேண்டியிருந்தால் கழிவுக் குழாயை 20 லிட்டர் கேனில் விடுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு ஆகும். செடிக்கு ஊற்றுமுன் யோசிக்க வேண்டும், மூலத் தண்ணீரிலிருந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தென்னை தாங்கும். வாழையும் கீரையும் ரோஜாவும் இலை ஓரம் கருகும்.

பெரிய வெள்ளிக் கஞ்சிக்கும் ஈஸ்டர் சமையலுக்கும் தண்ணீரை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கஞ்சி குடிக்கத் தண்ணீராக வேண்டும் என்றால் ஒரு கிலோ அரிசிக்கு 10 முதல் 12 லிட்டர். கால் லிட்டர் வீதம் சுமார் 40 பேருக்கு வரும். இதற்கு மேல் தண்ணீர் போவது அண்டா கழுவுவதில்தான். கஞ்சி ஒட்டிக் காய்ந்துவிட்டால் ஐந்து குடம் கேட்கும். பரிமாறி முடித்த சூட்டிலேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, அரை மணி கழித்துத் தேங்காய் நாரால் சுரண்டினால் இரண்டு குடத்தில் முடியும். சுரண்டிய தண்ணீர் மாட்டுக்கு. கொடுக்க எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் வீட்டிலிருந்தே ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொல்வது பழைய வழக்கம், இன்றைக்கும் அதுவே மேல். பிளாஸ்டிக் கப் வாங்கினால் தண்ணீர் மிஞ்சும், குப்பை வாய்க்காலில் போய் அடைக்கும்.

ஞாயிறு கறி அலச, திறந்த குழாயடியில் நிற்காமல் பேசினில் இரண்டு முறை அலசினால் ஐந்தாறு லிட்டர் போதும். உறைந்த கோழியை ஓடும் தண்ணீரில் பிடிக்காமல் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் அலசிய தண்ணீர் இரண்டையும் எங்கே ஊற்றுவது என்று டெல்டாப் பெண்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

குளியலறை, துணி துவைத்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

விடலாம், தேக்கி வைக்கக் கூடாது. ஒரு நாள் நின்றால் நாறும். குழாயை நேரே கல்வாழை, சேம்பு நட்ட பாத்திக்குத் திருப்புங்கள். பாத்தியில் அடியில் முக்கால் அங்குல ஜல்லி, மேலே மணல். தண்ணீர் மேற்பரப்பில் குட்டையாக நிற்காமல் ஜல்லிக்குள் இறங்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பதானால் எண்ணெய் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி நடுவில் வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் மணல் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரைத் தனியாக விடுங்கள். கீரைப் பாத்திக்கு எதையும் விடாதீர்கள்.

மழைநீர்த் தொட்டியை இப்போதே பார்க்க வேண்டுமா? மழை ஐப்பசியில்தானே?

கோடை மழை சித்திரை, வைகாசியில் இரண்டு மூன்று தடவையாவது பெய்யும். அதைப் பிடிக்க ஈஸ்டர் விடுமுறைதான் சரியான நேரம். 1000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழும். தெறிப்பும் உறிஞ்சலும் போக 750 லிட்டர் கைக்கு வரும். முதல் அரை மி.மீ. மாடியின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கொண்டுவரும். 50 லிட்டர் டிரம் ஒன்று அதை வாங்கிக்கொண்டபின் மீதி தொட்டிக்குப் போகும்படி குழாயைப் பிரியுங்கள். டிரம்மின் அடியில் சின்னக் குழாய் வைத்து ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திறந்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகள் பல இன்று வண்டல் மூடிக் கிடக்கின்றன. மேல் மணலை முழங்கை ஆழத்துக்கு அள்ளி, அலசி, திரும்பப் போட்டால் உயிர் வரும். தஞ்சைப் பக்கக் களிமண்ணில் வெறும் குழி உறிஞ்சாது. ஒன்றரை அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி ஊற்றிப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் அசையாமல் நின்றால், களிமண்ணைத் துளைத்து மணல் அடுக்குவரை ஓட்டைக் குழாய் இறக்க வேண்டும். கடலோரத்தில் மணல் தானே குடித்துவிடும், அங்கே ஆழக் குழாய் வேண்டாம்.

பறவைக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி மறைக்கல்விப் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். எதில் வைப்பது?

அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கூழாங்கல், சிட்டு உட்காரவும் விழுந்த தேனீ ஏறிவரவும். பூனை பதுங்க இடமில்லாத நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு வெயிலில் சுடும். தினம் காலையில் பழைய தண்ணீரைச் செடியில் கொட்டி, தட்டை நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அரை லிட்டர் ஊற்றினால் போதும்.